நிலவறைச் சுவருக்குப் பின்னால்: 1940-44இல் பிரெஞ்சு ஒயின்காரர்கள் எதிர்த்தார்களா, விற்றார்களா?

புதுவை அருள் | சனி, காலை 9:10

போன வாரம் 'போர்க்காலத்துப் பிழைப்பு' இழையில் லலிதா டீச்சர் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "ஜெர்மன்காரன் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த நான்கு வருடமும் ஒயின்காரர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். எதிர்ப்பு, வீரம் எல்லாம் 1945க்கு அப்புறம் கட்டிய கதை." அங்கேயே பதில் எழுதினால் ரேஷன் அரிசிப் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை.

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. 1940 மே 10ஆம் தேதி படை உள்ளே வந்தது. ஜூன் 22இல் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டது. இடையில் ஆறே வாரம். பர்கண்டி என்கிற பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தில் போன் என்று ஒரு ஊர் (டெலிபோன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). அங்கே மோரிஸ் துருவான் என்கிற ஒயின் வணிகர் தன் நிலவறையில் உசத்தியான ரோமனே கோந்தி ஒயின் பாட்டில்களை ஒரு பக்கம் அடுக்கி, குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். புதுச் சுவர் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும் இல்லையா? அதனால் குழந்தைகள் சிலந்தி பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சுவரில் விட்டார்களாம். வலை பின்னிப் பழசாகட்டும் என்று! அந்த வீட்டார் சொல்லும் கதை இது.

அதோடு முடியவில்லை. 1941இல் அவரைப் பிடித்துக்கொண்டு போய் பாரிஸ் பக்கத்து ஃப்ரேன் சிறையில் போட்டார்கள். அடுத்த ஆண்டு விட்டார்கள். 1944 ஜூனில் மறுபடி தேடி வந்தபோது நிலவறைக்கு அடியில் ஓடும் பழைய சுரங்க வழியாக வெளியேறி, ஊர் தர்ம ஆஸ்பத்திரிக்குள் போய் ஒளிந்துகொண்டார். செப்டம்பரில் ஊர் விடுதலையாகும் வரை அங்கேதான். நன்றிக்கடனாக அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு திராட்சைத் தோட்டத்தையே எழுதி வைத்தார். இதையும் சம்பாத்தியக் கணக்கில் சேர்ப்பீர்களா?

நெய்வேலி நாத்திகன் | சனி, காலை 9:32

சிலந்தியை வேலைக்கு வைத்த முதல் முதலாளி! சரி, பாட்டில் பிழைத்தது. மனுஷன்?

லலிதா டீச்சர் | சனி, காலை 11:05

அருள், கோபம் எல்லாம் இல்லை. முப்பத்தோரு வருடம் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்தியவளுக்கு இதெல்லாம் பழக்கம்.

துருவானைப் பற்றி நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிறைக்குப் போனது எதிர்ப்பு. சுவர் கட்டியது எதிர்ப்பா? ஊரில் கலவரம் என்றால் நாம் நகையைக் கிணற்றில் போட்டு வைப்போம். அதற்குப் பெயர் புத்திசாலித்தனம். சொந்தச் சரக்கைச் சொந்த வீட்டில் ஒளிப்பதற்கு நாட்டுப்பற்று தேவையே இல்லை. ஒளித்து வைத்ததன் விலையோ போர் முடிவதற்குள் பல மடங்கு ஏறியிருந்தது.

இப்போது நான் எழுதிய வரிக்கு வருகிறேன். முதல் சில வாரம் படை வீரர்கள் கண்டபடி சூறையாடினார்கள், உண்மைதான். அதன் பிறகு நடந்தது கொள்ளை இல்லை, கொள்முதல். ஒவ்வொரு ஒயின் வட்டாரத்துக்கும் ஒரு ஜெர்மன் கொள்முதல் அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் 'வைன்ஃப்யூரர்' (ஒயின் தலைவர்) என்று கேலிப்பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஷாம்பெயினுக்கு ஒட்டோ கிளேபிஷ், ஜெர்மனியின் ஒயின் வியாபாரத்திலிருந்து வந்தவர். பர்கண்டிக்கு அடால்ஃப் செக்னிட்ஸ், போர்டோவுக்கு ஹைன்ஸ் போமெர்ஸ், இருவரும் பிரேமன் நகரத்து ஒயின் இறக்குமதியாளர்கள். போமெர்ஸ் குடும்பத்துக்கு முதல் உலகப்போருக்கு முன் போர்டோவில் தோட்டமே இருந்தது. போர் வந்ததும் எதிரிச் சொத்து என்று பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. இவர்கள் எல்லாரும் பழைய வாடிக்கையாளர்கள். நேற்றுவரை இரண்டு பக்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். ஆக்கிரமிப்புச் செலவு என்று பிரான்ஸிடமிருந்து நாள் ஒன்றுக்கு 40 கோடி பிராங்க் வசூலித்தார்கள். ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று மாற்று விகிதத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதாவது பிரெஞ்சுக்காரன் கட்டிய காசை வைத்துப் பிரெஞ்சு ஒயினை வாங்கினார்கள். விற்றவருக்கு மட்டும் கை நிறைய நோட்டு. நாடு தன் சரக்குக்குத் தானே விலை கொடுத்தது. நடுவில் இருந்தவர் லாபம் பார்த்தார். கிறிஸ்தோஃப் லூகான் என்கிற பிரெஞ்சு வரலாற்றாளர் ஆவணக் காப்பகங்களைத் தோண்டி எழுதியிருப்பதும் இதைத்தான்: ஏராளமான வணிகர்கள் விரும்பியே விற்றார்கள்.

கம்பத்தான் | சனி, மதியம் 1:48

டீச்சருக்கு வணக்கம். நான் படித்தவன் இல்லை, ஐந்து ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். அதனால் வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி.

நீங்கள் சொல்வது எல்லாம் விற்றவன் கதை. விளைவித்தவன் கதை எங்கே? கொடி நடுவில் நிற்காது டீச்சர். கவாத்து அடிக்க வேண்டிய மாதத்தில் கவாத்து அடித்தே ஆக வேண்டும். எங்களுக்காவது வருடத்தில் இரண்டு தடவை காய்க்கும், ஒன்று போனால் இன்னொன்று. அங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை. பட்டாளம் வந்திருக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்று விட்டால் அடுத்த மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் போய்விடும். நெல் என்றால் விதைக்காமல் இருந்து எதிர்ப்புக் காட்டலாம். நாற்பது வருடக் கொடியை என்ன செய்வது?

இன்னொன்று, மயில்துத்தம், செம்பிலிருந்து வருகிற உப்பு. அடிச்சாம்பல் நோய்க்கு இன்றைக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத்தான் அடிக்கிறோம், 'போர்டோக் கலவை' என்று. அந்தப் போர்டோ இவர்கள் பேசுகிற போர்டோதான். சாலையோரக் கொடியில் வழிப்போக்கன் பழம் பறிக்காமல் இருக்க அந்த ஊர்க்காரர்கள் பச்சை நீலமாய் ஏதோ தெளித்து வைத்தார்கள், தெளித்த கொடியில் மட்டும் நோய் வரவில்லை, அதைக் கவனித்த மில்லார்தே என்கிற பேராசிரியர் 1885 வாக்கில் மருந்தாக்கினார் என்று வேளாண் அலுவலர் ஒருவர் சொன்னார். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அந்த ஊர் மேல் ஒரு பாசம்.

செம்பு போருக்குப் போய்விட்டது என்றால் மயில்துத்தத்துக்கு எங்கே போவார்கள்? யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

புதுவை அருள் | சனி, மதியம் 2:20

கம்பத்து அண்ணனுக்கு: அதேதான் நடந்தது. செம்பு முழுக்க ஜெர்மன் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனது. வீட்டில் கிடக்கும் பழைய செம்புப் பாத்திரம், கம்பி என்று கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கு ஈடாகக் கொஞ்சம் மயில்துத்தம் கிடைக்கும். உழவுக் குதிரைகளைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்ட பிரெஞ்சு வீரர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர், அதில் எத்தனை பேர் தோட்டக்காரன் மகன் என்று யோசியுங்கள். தோட்டத்தில் மிஞ்சியது பெண்களும் கிழவர்களும். 1939இல் பிரான்ஸின் ஒயின் விளைச்சல் சுமார் 6.9 கோடி ஹெக்டோலிட்டர் (ஒன்று நூறு லிட்டர்). 1942இல் ஏறக்குறைய அதில் பாதி.

நெய்வேலி நாத்திகன் | சனி, மதியம் 2:31

பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்து மருந்து வாங்குகிற மாதிரி. இது மட்டும் நிஜமாகவே வலிக்கிறது.

ரேன்ஸ் ரூபன் | சனி, மாலை 6:15

எல்லாருக்கும் வணக்கம். நான் பதினெட்டு வருடமாக ஷாம்பெயின் பக்கம், ரேன்ஸ் நகரத்தில் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். செப்டம்பரில் லீவு போட்டுவிட்டுத் திராட்சை பறிக்கப் போவது வழக்கம், இரண்டு வருடம் ஒரு நிலவறையில் போத்தல் அடுக்கியும் இருக்கிறேன்.

அருள், 'சுவர் கட்டினார்கள்' என்று சொல்லும்போது எல்லாரும் ஒரு வீட்டு அடித்தளத்தை நினைக்கிறீர்கள். இங்கே அப்படி இல்லை. நகரத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையில் குடைந்த கிடங்குகள், சில ரோமர் காலத்தில் கல் வெட்டின குழிகள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறும், கோடையிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். சுவரில் கை வைத்தால் ஈரமாய், மாவு மாதிரி வெள்ளை ஒட்டும். ஒரு விளக்கை அணைத்தால் எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற சுரங்கத்தில் ஒரு கிளையை அடைத்துவிட்டால் வெளியூர்க்காரனுக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. போத்தல் மட்டும் இல்லை, ஆட்களும் ஆயுதமும் இருந்த நிலவறைகள் உண்டு.

முதல் வாரங்களிலேயே இங்கே இருபது லட்சம் போத்தல் வரை போய்விட்டது என்று சொல்வார்கள். பிறகு டீச்சர் சொன்ன கிளேபிஷ் வந்தார். வாரத்துக்கு நான்கு லட்சம் போத்தல் வரை கேட்டார். வாங்கின போத்தலில் 'வெர்மாக்ட் (ஜெர்மன் படை) சரக்கு, வெளிச்சந்தையில் விற்கக் கூடாது' என்று ஜெர்மன் மொழியில் முத்திரை இருக்கும். பழைய பொருள் விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படி ஒரு லேபிளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் படிந்த தாள், சிவப்பு எழுத்து. விலை கேட்டேன், வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த முத்திரை இருந்தால் அதற்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இருப்பதிலேயே மட்டமான சரக்கு. மோசமான வருடத்து ஒயின், சரியாய் நிரப்பாத போத்தல், மட்டமான தக்கை. கிளேபிஷ் மட்டும் ஏமாறவில்லை, ஆள் பிறந்ததே பிராந்திக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான கொன்யாக்கில், நாக்கு தெரிந்தவர். மட்டச் சரக்கு அனுப்பியதற்காகத் தைத்தான்ஜே என்கிற ஷாம்பெயின் நிறுவனக் குடும்பத்து இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டு, பேச்சு முற்றிச் சிறையில் போட்டார்.

எங்கள் ஊரில் வழிகாட்டிகள் இன்னொரு கதையும் சொல்வார்கள். 1941 கடைசியில் ஒரு பெரிய ஆர்டர் வந்ததாம், 'ரொம்ப வெப்பமான நாட்டுக்குப் போகிறது, அதற்கேற்ப அடைக்கவும்' என்று. ஒயின்காரர்கள் அதை லண்டனுக்குச் சொல்லிவிட, ஜெர்மன் தளபதி ரோமல் எகிப்தில் இறங்கப்போகிறார் என்று அங்கே புரிந்துகொண்டார்களாம்.

லலிதா டீச்சர் | சனி, இரவு 8:02

ரூபன் தம்பி, சுண்ணாம்புச் சுவரை நான் கையால் தொட்ட மாதிரி இருந்தது. நன்றி.

ஆனால் கடைசிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 கடைசியில் ரோமல் வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டுக்கொண்டே பத்து மாதம் ஆகிவிட்டது! பிப்ரவரியிலேயே திரிப்போலிக்குப் போய்விட்டார். அவர் அங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க லண்டனுக்கு ஷாம்பெயின் பெட்டி தேவையா? நம் ஊரில் கட்டபொம்மனின் குதிரை தாண்டிய இடம் என்று ஊருக்கு ஒன்று காட்டுவார்களே, அந்த வகை. கதை பொய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒயின் வியாபாரத்துக்கு இப்படிக் கதைகள் தேவைப்பட்டன என்கிறேன். சுற்றுலா வருகிறவரிடம் 'எங்கள் தாத்தா நாஜிகளுக்கு எட்டு லட்சம் பாட்டில் விற்றார்' என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

நெய்வேலி நாத்திகன் | சனி, இரவு 8:10

மட்டச் சரக்கைத் தள்ளிவிடுவது எதிர்ப்பு என்றால் எங்கள் தெரு பால்காரருக்கும் தியாகி பென்ஷன் கொடுக்க வேண்டும். இருபது வருடமாகத் தண்ணீர் ஊற்றி எதிர்த்துக்கொண்டிருக்கிறார்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 8:45

குடி நாட்டைக் கெடுக்கும் என்ற தலைப்பிலான நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே தொடரவும். இங்கே ஒயின் வரலாறு மட்டும்.

ரேன்ஸ் ரூபன் | சனி, இரவு 10:20

டீச்சர், ரோமல் கதையை விட்டுவிடுகிறேன். தேதி நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் ரொபேர் ஜான் த வோகுவேயை விட மாட்டேன். மொயே ஷாந்தோன் என்கிற ஷாம்பெயின் நிறுவனத்தின் தலைவர். ஒவ்வொரு நிறுவனமாகத் தனித்தனியே கிளேபிஷிடம் போனால் ஒவ்வொருவரையும் நசுக்குவார்கள், தோட்டக்காரர், நிறுவனத்தார் எல்லாரும் ஒரே வாயாகப் பேச வேணும் என்று சொன்னவர். 1941 ஏப்ரலில் அதற்காக ஒரு கூட்டுக் குழு அமைந்தது. நிறுவனங்கள் பக்கம் அவர், தோட்டக்காரர் பக்கம் மோரிஸ் துவாயார். அதற்கு முன்னம் இந்த இரண்டு பக்கமும் கீரியும் பாம்பும். 1911இல் விலைச் சண்டையில் எப்பர்னே பக்கத்துக் கிராமங்களில் நிறுவனத்தாரின் கட்டடங்களைத் தோட்டக்காரர்கள் எரித்திருக்கிறார்கள், பட்டாளம் வந்து அடக்கியது.

த வோகுவே பகலில் கிளேபிஷோடு விலை பேசினார், மறுபக்கம் எதிர்ப்பு இயக்கத்தோடும் இருந்தார். 1943 நவம்பர் 24 அன்று பேச்சுவார்த்தைக்கு என்று போன இடத்திலேயே கெஸ்டாப்போ (நாஜி ரகசியப் போலீஸ்) பிடித்தது. மரண தண்டனை. ஷாம்பெயின் முழுக்க வேலை நிறுத்தம் செய்தது, நிறுவனத்தாரும் தோட்டக்காரரும் சேர்ந்து. கடைசியில் தண்டனையை நிறைவேற்றாமல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1945இல் எலும்பும் தோலுமாய்த் திரும்பினார். இது வழிகாட்டி சொன்ன கதை இல்லை டீச்சர்.

லலிதா டீச்சர் | ஞாயிறு, காலை 7:30

இல்லை. இதற்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் தம்பி, அந்தக் குழுவை அமைத்தது எந்தச் சட்டம்? ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசான விஷி அரசின் சட்டம். அதன் தலைவர் மார்ஷல் பெத்தானின் முத்திரையோடு, ஜெர்மானியரின் சம்மதத்தோடு பிறந்த குழு. அதன் அன்றாட வேலை என்ன? வாரா வாரம் எத்தனை பாட்டில் யார் கொடுப்பது என்று பங்கு பிரிப்பது. த வோகுவேக்கு மரண தண்டனை கிடைத்ததும் உண்மை, அவர் நடத்திய குழு வாரா வாரம் ஜெர்மன் படைக்கு ஷாம்பெயின் அனுப்பியதும் உண்மை. அருளின் கதையில் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

பெத்தான் என்றதும் ஞாபகம் வருகிறது. அருள் சொன்ன அதே போன் நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரி, துருவான் ஒளிந்த அதே இடம், 1942இல் தன் நல்ல தோட்டத்தில் ஒரு பகுதியைப் பெத்தானுக்குப் பரிசாகக் கொடுத்தது. 'மார்ஷல் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்ததும் அது திரும்பி வந்தது.

புதுவை அருள் | ஞாயிறு, காலை 8:15

அது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1942இல் பிரான்ஸில் பாதிப் பேர் பெத்தான் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள், ஒயின்காரன் மட்டும் ஏன் விதிவிலக்காக இருக்க வேண்டும்? எங்கள் புதுச்சேரி 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வான் தலைமையில், லண்டனிலிருந்து ஜெர்மனியை எதிர்த்த தெ கோல் பக்கம் போனது என்று நாங்கள் பெருமை பேசுவோம். சுற்றி நாலாபக்கமும் பிரிட்டிஷ்காரன் இருந்தான், பெத்தான் பக்கம் நின்றிருந்தால் துறைமுகம் பட்டினி கிடந்திருக்கும் என்பதை எங்கள் தாத்தாதான் சிரித்துக்கொண்டே சொல்வார்.

சுபா, கொல்மார் | ஞாயிறு, மதியம் 12:40

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். இரண்டு வருடமாக பிரான்ஸின் ஜெர்மன் எல்லையோர வட்டாரமான அல்சாஸில் படிக்கிறேன். நீங்கள் எல்லாரும் 'விற்றானா, எதிர்த்தானா' என்று கேட்கிறீர்கள். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. அல்சாஸை ஜெர்மனி ஆக்கிரமிக்கவில்லை, தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரிக்வீர் என்கிற ஒயின் கிராமம் ரைஷென்வையர் என்று ஜெர்மன் பெயருக்கு மாறியது. பிரெஞ்சு பேசக் கூடாது, பிரெஞ்சுத் தொப்பி போட்டால்கூடத் தண்டனை. ஒயினில் பிரெஞ்சுப் பெயர் கிடையாது.

1942 ஆகஸ்டிலிருந்து இங்கத்துப் பையன்களை ஜெர்மன் ராணுவத்திலேயே கட்டாயமாகச் சேர்த்தார்கள். அல்சாஸ், பக்கத்து மோசல் இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர். பெரும்பாலும் ரஷ்ய முனைக்கு. முப்பதாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்று அர்த்தம் வருகிற பெயரில்தான் அவர்களை இன்றும் சொல்கிறார்கள். ஒயின்காரர் வீடு எதிலும் இதற்கு விலக்கில்லை.

அப்புறம் விடுதலை வந்ததே, அதுவும் கொடிகளின் மேலேதான் வந்தது. 1944 டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கொல்மாரைச் சுற்றிச் சண்டை. பென்விர், சீகோல்சைம், அம்மெர்ஷ்விர் என்று வரிசையாக ஒயின் கிராமங்கள் தரைமட்டம். நான் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்: அடுத்த ஊரில் நானூறு வருட மரச்சட்ட வீடுகள், இந்த ஊரில் எல்லாம் 1950களின் சிமெண்டு வீடு. அந்த வித்தியாசத்துக்கு யாரும் பலகை வைக்கவில்லை.

கம்பத்தான் | ஞாயிறு, மதியம் 1:15

சுபாம்மா, இது ஒன்றுக்காகவே இந்த இழை வேண்டும். கொடி நட்டால் காய்க்க மூன்று வருடம், நன்றாய்க் காய்க்க ஐந்து. அவர்கள் மறுபடி நட்டார்கள் இல்லையா?

சுபா, கொல்மார் | ஞாயிறு, மதியம் 1:22

நட்டார்கள் மாமா. இப்போது மலைச்சரிவு முழுக்கக் கொடிதான்.

லலிதா டீச்சர் | ஞாயிறு, மாலை 4:50

சுபா சொன்னது என் வாதத்துக்குள்ளும் வரவில்லை, அருளின் வாதத்துக்குள்ளும் வரவில்லை. நல்லது.

நான் போர்டோவுக்குத் திரும்புகிறேன், என் வரியை நான் எழுதியதே அந்த ஊரை நினைத்துத்தான். லூயி எஷெனாவர் என்று ஒரு பெரிய வணிகர், எழுபது தாண்டியவர், ஊரில் 'லூயி மாமா'. போமெர்ஸுக்குப் பழக்கம், துறைமுகத்து ஜெர்மன் தளபதி கூனெமனுக்கு நெருக்கம். கூனெமனும் ஒயின் வியாபாரிதான். ஜெர்மானியருக்கு ஏராளமாக விற்றார். 1945இல் வழக்குப் போட்டு இரண்டு வருடம் சிறை, பெரிய அபராதம், வியாபாரம் செய்யத் தடை. அதே சமயத்தில் அதே ஊரில் வேறென்ன நடந்தது? லஃபீத், மூத்தோன் ஆகிய தோட்டங்கள் ரோத்ஷில்ட் குடும்பத்துடையவை, யூதர் சொத்து என்று பறிக்கப்பட்டன. அதே வட்டார அரசு அலுவலகத்தில் இருந்த மோரிஸ் பப்போன் கையெழுத்தில் சுமார் 1,600 யூதர்கள், குழந்தைகள் உட்பட, ரயிலேற்றப்பட்டார்கள். அவருக்குத் தண்டனை கிடைத்தது 1998இல். அந்த ரயில்கள் போன நிலையத்திலிருந்து ஒயின் கிடங்குகள் ரொம்ப தூரமில்லை. யாரும் வேலை நிறுத்தம் செய்யவில்லை அருள். த வோகுவேக்காகச் செய்தார்கள். அவர் அவர்களில் ஒருவர்.

புதுவை அருள் | ஞாயிறு, மாலை 6:05

டீச்சர், இந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மூத்தோன் பற்றி ஒன்று சேர்க்கிறேன். முதலாளி பிலீப் த ரோத்ஷில்ட் தப்பி தெ கோலிடம் போனார். மனைவி எலிசபெத் பிறப்பால் கத்தோலிக்கர், தனக்கு ஒன்றும் ஆகாது என்று பிரான்ஸில் இருந்தார். 1944இல் கெஸ்டாப்போ பிடித்தது. 1945 மார்ச்சில் ராவென்ஸ்ப்ரூக் என்கிற நாஜி வதைமுகாமில் இறந்தார். அந்த வருடத்து மூத்தோன் பாட்டிலின் லேபிளில் வெற்றிக்கு அடையாளமாக 'வி' எழுத்தைப் போட்டார்கள். இன்றைக்கு ஏலத்தில் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். லேபிளில் அந்த அம்மா பெயர் இல்லை.

ஆனால் எஷெனாவரைப் பற்றி ஒரு சந்தேகம். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் பின்வாங்கும்போது போர்டோ துறைமுகத்தை வெடி வைத்துத் தகர்க்கவிருந்தார்கள். தகர்க்கவில்லை. கூனெமனிடம் லூயி மாமா பேசிக் காப்பாற்றினார் என்கிறார்களே?

லலிதா டீச்சர் | ஞாயிறு, மாலை 6:40

அவர் பேசியிருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் 22 இரவு வெடிபொருள் கிடங்கைத் தகர்த்தது ஹைன்ஸ் ஸ்டால்ஷ்மிட் என்கிற ஜெர்மன் கடற்படைக்காரர். துறைமுகத்துக்கென்று வைத்திருந்த வெடியெல்லாம் அதோடு போயிற்று, ஜெர்மானியர் பலர் செத்தார்கள். அவரைச் சொந்த நாட்டுக்காரன் துரோகி என்றான். பிரான்ஸிலேயே தங்கி, ஆன்ரி சல்மீத் என்று பெயர் மாற்றிக்கொண்டு, போர்டோ துறைமுகத் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தார். பெரிய கௌரவம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில். 2010இல் இறந்தார். ஒயினோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

போமெர்ஸ் என்ன ஆனார் தெரியுமா? போர் முடிந்ததும் மறுபடி போர்டோ ஒயின் இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். பழைய நண்பர்கள் விற்றார்கள்.

கம்பத்தான் | ஞாயிறு, இரவு 7:25

விற்கத்தான் செய்வார்கள் டீச்சர். இங்கேயும் போன வருடம் விலையில் கழுத்தறுத்த தரகரிடமே இந்த வருடமும் பழம் போடுகிறோம். பழம் மூன்று நாள் தாங்காது. ஒயினாவது உட்கார்ந்து காத்திருக்கும், அதனால் அவர்கள் இன்னும் கொஞ்சம் ரோஷம் காட்டியிருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் விளைவித்தவனையும் விற்றவனையும் ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள். எஷெனாவர் கொடியில் கத்தரி பிடித்தவர் இல்லை.

ரூபன் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கூட்டுக் குழுவில் தோட்டக்காரனுக்கு நிஜமாகவே விலை கிடைத்ததா, இல்லை கம்பெனிக்காரன் பேச்சுக்குத் தலையாட்ட வைத்தார்களா? போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்களா?

லலிதா டீச்சர் | ஞாயிறு, இரவு 7:50

கூண்டு விஷயத்தில் கம்பத்தார் சொல்வதை ஏற்கிறேன். 'ஒயின்காரர்கள்' என்று மொத்தமாய் எழுதியிருக்கக் கூடாது. 'வணிகர்கள்' என்று திருத்திக்கொள்கிறேன். மீதி வரியை மாற்ற மாட்டேன்.

ரேன்ஸ் ரூபன் | ஞாயிறு, இரவு 11:05

அண்ணை, வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன்.

கலைக்கவில்லை. விஷி அரசின் சட்டங்கள் எத்தனையோ போனது, இந்தக் குழு மட்டும் நின்றுவிட்டது. போருக்குப் பிறகு பல வருடம் திராட்சை கிலோ என்ன விலை என்று அங்கேதான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1911இல் எரித்தவர்களின் பேரன்களும் எரிபட்டவர்களின் பேரன்களும் ஒரே மேஜையில். போர்க்காலத்தில் விலை நியாயமாய் இருந்ததா என்று என்னோடு பறிக்கிற கிழவர்களிடம் கேட்டிருக்கிறேன். அப்பா மயில்துத்தத்துக்கு அலைந்தது மட்டும்தான் சொல்கிறார்கள்.

இன்றைக்கும் எந்தக் கிராமத்தில் எந்தத் தேதியில் பறிக்கத் தொடங்கலாம் என்று ஊர் வாரியாக அறிவிப்பது அந்தக் குழுதான். ஆகஸ்ட் கடைசியில் பட்டியல் வரும். அதைப் பார்த்துத்தான் நான் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேணும். போன வருடம் பிந்திக் கேட்டுக் கிடைக்கவில்லை.